ஓடிபி சொன்னவருக்கும் பொறுப்பு உண்டு

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனையில் இறங்கியது. சம்பளக்காரர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் ரிட்டன் போட்டுக் கொடுத்து, பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்தவர்களே அதன் இலக்கு. கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, எடுக்காத மருத்துவக் காப்பீடு என்று பட்டியல் நீண்டது. மொத்தமாக ரிட்டன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டிருந்தார்கள். அதனால் துறை அனுப்பிய நோட்டீஸ்கள் படிக்க ஆளின்றிக் கிடந்தன. வாடிக்கையாளர்களில் பன்னாட்டு நிறுவன ஊழியர்களும் பொதுத்துறை, அரசுத்துறை ஊழியர்களும் கல்வி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் இருந்தார்கள். துறையின் அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டனைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டதாகத் துறை சொன்னது.

இந்தச் செய்தி வெளியான பிறகு ஊருக்கு ஊர் கேட்ட வசனம் ஒன்றுதான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் ஆடிட்டர் பாத்துக்கிட்டாரு." இந்த வசனத்தை அறம் ஏற்காது. விவாதத்துக்கு இடமில்லாமல் முதலிலேயே அதைச் சொல்லிவிடலாம். நேர்மையான கணக்கரைத் தேர்ந்தெடுப்பது சாமர்த்தியம் சார்ந்த காரியம் என்று நினைக்கிறோம். அது ஒழுக்கம் சார்ந்த காரியம். யாரிடம் கணக்கைக் கொடுக்கிறோம் என்பதிலேயே நாம் எதற்கு ஆசைப்படுகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

மன்னார்குடி போன்ற ஊரில் 'ஆடிட்டர்' என்றால் யார்? 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரும் ஆடிட்டர்தான், ஜிஎஸ்டி ரிட்டன் மட்டும் போடுபவரும் ஆடிட்டர்தான், ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரும் ஆடிட்டர்தான். அவ்வூர்ப் பந்தலடியைச் சுற்றியுள்ள கடைக்காரரோ, பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஆசிரியரோ இவர்களில் ஒருவரிடம் போய் உட்காருகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "என் கணக்கு சரியா இருக்கா சார்?" என்பதாக இருப்பது அபூர்வம். "எவ்வளவு திரும்ப வரும்?" என்பதுதான் கேள்வி. "டிடிஎஸ் பிடிச்சது பூராவும் எடுத்துடலாம். வர்றதுல பத்து பெர்சன்ட் நமக்குக் குடுத்துடுங்க." உடன்பாடு அங்கேயே முடிந்துவிடுகிறது. சற்று நேரத்தில் கைப்பேசியில் ஆறு இலக்க ஓடிபி எண் வருகிறது. அதை வாய்விட்டுப் படிக்கிறார். அந்த ஆறு எண்தான் இன்று கையெழுத்து. ரிட்டனில் உள்ளதெல்லாம் தமக்குத் தெரிந்தவரை உண்மை, முழுமை என்று அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது. உறுதிமொழி ஆடிட்டர் பெயரில் இல்லை, எண்ணைப் படித்தவர் பெயரில் இருக்கிறது.

இந்தப் பொய்களில் மனத்தை அதிகம் உறுத்துவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற கொடிய நோய்களுக்குச் செலவழித்தவர்களுக்கு என்று சட்டம் இரக்கத்தோடு வைத்த சலுகை அது. நோயாளி மூத்த குடிமகனாக இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் தாய்க்கு ஒரு நோயை எழுதி அதில் இருபதாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர், 'நான் எழுதவில்லை, ஆடிட்டர் எழுதினார்' என்று சொன்னால் போதுமா? பணம் யார் கணக்கில் வந்து விழுந்தது?

மதுரையில் கோவலன் வெட்டுண்ட கதையை நினைத்துப் பார்க்கலாம். பொற்கொல்லன் பொய் சொன்னான். பாண்டியன் விசாரிக்காமல் நம்பினான். கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்தபோது, 'பொற்கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான்' என்று தப்பிக்கப் பாண்டியனுக்கு வழி இருந்தது. அவனோ கொல்லன் பேச்சைக் கேட்டதே தன் குற்றம் என்று ஏற்று, கள்வன் பட்டத்தைத் தனக்கே சூட்டிக்கொண்டு உயிரை விட்டான். ஆராயாமல் நம்பியவனும் குற்றவாளிதான் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் வகுத்த நீதி இது. அதைப் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

வள்ளுவர் இதற்கென்று தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வைத்தார். ஒருவனிடம் உள்ள குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதி என்று எடைபோடு என்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். நடுவு நிலைமை அதிகாரத்தில், நன்மையே தருவதாக இருந்தாலும் நேர்மை தவறி வரும் ஆக்கத்தை அப்போதே விட்டுவிடச் சொல்கிறார். ரீஃபண்டும் ஆக்கம்தான். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகுதியாக எடுக்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் தொழில் செய்ததை மெச்சுகிறார். இதே காவிரி கடலில் கலக்கும் இடத்துக் கடைத்தெரு அது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கறாரானது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைத் தேர்தலுக்குத் தகுதி இழந்தான். அவனுடைய நெருங்கிய உறவினர்களும் இழந்தார்கள். அது 919-921ஆம் ஆண்டுகளின் சட்டம்! இன்றைய தேர்தல்களுக்கு அதைக் கொண்டுவந்தால் வேட்புமனுத் தாக்கலுக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது வேறு கதை.

சம்பளக்காரரின் சோதனையை விடச் சிறு வியாபாரியின் சோதனை கடினமானது. காவிரி டெல்டாவில் அதற்குத் தனிச் சுவை உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே மூன்று மா நிலம் வைத்திருப்பவரின் ரிட்டனில் முப்பது மா விளைச்சல் நிற்கும். கடை லாபம் நெல்லாக மாறிவிடும். அதே கடைக்காரர் மறு வருஷம் வங்கிக் கடனுக்குப் போகும்போது, "கொஞ்சம் உயர்த்திப் போடுங்க சார்" என்பார். மூன்று வருஷ ரிட்டனும் ஒரே வாரத்தில் தயாராகும். அரசுக்கு ஏழை, வங்கிக்குப் பணக்காரர். இந்த இரண்டு முகத்தையும் சலிக்காமல் எழுதித் தருபவரைத்தான் 'கெட்டிக்கார ஆடிட்டர்' என்று ஊர் சிபாரிசு செய்கிறது. எழுத மறுப்பவருக்கு 'அவரு ரூல்ஸ் பேசுவாரு' என்று பெயர்.

கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம் மட்டும் பாயாது. அரசை ஏமாற்றத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளரை ஏமாற்றத் தெரியாதா? சம்பா நடவு நேரத்தில் உரக்கடையில் நிற்க இடமிருக்காது. பிஓஎஸ் இயந்திரத்தில் விரல் வைக்க வரிசை நிற்கும். அந்த நெரிசலில் ஜிஎஸ்டி கட்டும் பணத்தை ஆடிட்டரிடம் ரொக்கமாகக் கொடுத்து, "பாத்துக்கங்க சார்" என்று அனுப்பிவிடுவார் முதலாளி. பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வருஷம் யாரும் பார்ப்பதில்லை. சேராவிட்டால் வரி, 18 சதவீத வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் கடை பெயரில் ஏறும். அவரிடம் சரக்கு வாங்கிய சின்னக் கடைக்காரரின் உள்ளீட்டு வரி வரவுக்கும் ஆபத்து வரும். அர்த்தசாஸ்திரம் கருவூலப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணி வைத்தது. அதை எழுதிய கௌடில்யர் இன்று இருந்தால் ஆடிட்டர் கையிலிருக்கும் பாஸ்வேர்டையும் ஒன்றாகச் சேர்த்திருப்பார்.

மறுபக்கத்து நியாயம் ஒன்று உண்டு, மறுப்பதற்கில்லை. வரிச் சட்டம் சாமானியனுக்குப் புரிகிற மொழியில் இல்லை. கட்டிய வரி எங்கே போகிறது என்ற கோபமும் நியாயமானதே. சங்கப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் போய், யானை தானே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்று வரி வாங்கும் முறையை இடித்துரைத்தார். நெல் விளையும் ஊரில் அந்த உவமைக்கு உரை வேண்டாம். ஆனால் அவர் அரசன் முகத்துக்கு நேரே பேசினார். பொய்க் கணக்கு எழுதச் சொல்லவில்லை.

அப்படியானால் யாரைத் தேர்வது? பட்டம் மட்டும் போதாது. சத்யம் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் தெருவோர ஆட்களா? அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதம் உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனத்தின் கையெழுத்தையே கேள்விக்குள்ளாக்கியது. 2015இல் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டித்தவர்களில் இரண்டு தணிக்கையாளர்களும் இருந்தார்கள். சின்ன மளிகைக் கடைக்குப் பட்டயக் கணக்காளர்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒழுங்கான வரி ஆலோசகர் ஒருவரே போதும்.

முதலில் கூலியைப் பாருங்கள். கிடைக்கும் பலனில் சதவீதம் பேசிக் கூலி வாங்குவது பட்டயக் கணக்காளருக்குத் தொழில் ஒழுக்கக்கேடு. அவர்களுடைய சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே, சில விலக்குகள் தவிர, இது எழுதியிருக்கிறது. பட்டம் இல்லாதவருக்கும் அதே உரைகல்லை வைக்கலாம். ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட சான்றிதழோ தணிக்கை அறிக்கையோ கொடுத்தால் அதில் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்கும். 2019 முதல் இது கட்டாயம், இணையத்தில் சரிபார்க்கலாம். ரிட்டனின் நகல், கணக்கிட்ட தாள், வரி கட்டிய செலான் மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதும் முகம் சுளிப்பவர் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறையாவது "இது முடியாதுங்க" என்று சொன்னவரா என்று விசாரியுங்கள். முடியாது என்று சொல்லும் ஆடிட்டருக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

இன்று ராத்திரி கடையை அடைத்ததும் வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் உள்ளே நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அதுவே முதல் பாடம். பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா, ஆடிட்டர் ஆபீஸ் பையனுடையவையா என்று பாருங்கள். போன வருஷ ரிட்டனை வரிவரியாகப் படியுங்கள். பொய் இருந்தால், துறை நடவடிக்கை தொடங்குவதற்கு முன் திருத்திப் புதுப்பித்த ரிட்டன் போடலாம். 48 மாதம் வரை அவகாசம் உண்டு. வரியும் வட்டியும் கட்டி, அவற்றின் மேல் தாமதத்துக்குத் தக்கபடி 25 முதல் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மாட்டிக்கொண்டபின் என்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 270ஏ பிரிவில், தவறாகக் காட்டிய வருமானத்தின் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். கட்டிவிடுங்கள். அந்தப் பணத்தை ஆடிட்டரிடம் போய்க் கேட்காதீர்கள், அது உங்கள் கடன்.