நன்றி சொல்லாத வீடு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம் ஒரு செமாய் கம்பத்துக்கு, போன தீபாவளிக்கு முன்பு எங்கள் கிளை அரிசியும் எண்ணெயும் கொண்டுபோனது. தூண்கள்மேல் நிற்கும் மூங்கில் வீடுகள். தட்டிச் சுவர், பிளந்த மூங்கில் தரை, அத்தாப்புக் கூரை. பக்கத்து வீட்டில் என்ன வேகிறது என்பதுகூட மறைவில்லை. வாங்கிக்கொண்டார்கள், உட்காரச் சொன்னார்கள், அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். "தெரிமா காசி" மட்டும் யாரும் சொல்லல. எனக்குச் சுருக்கென்றது.

பிறகுதான் ராபர்ட் டெண்டான் செமாய் மக்களைப் பற்றி 1968இல் வெளியிட்ட நூலைப் படித்தேன். அவர்களிடையே நன்றி சொல்வது மரியாதைக் குறைவாம். கொடுத்ததை அளந்து பார்த்ததாகிவிடுமாம். வேட்டையில் பெரிய மிருகம் கிடைத்தால் ஊருக்கே பங்கு.

பலனை எதிர்பாராதே என்று கீதை வகுப்பில் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு வார்த்தை வராததற்கே முகம் தொங்கிப்போச்சு! நம்ம கோயில் அன்னதானப் பலகையில் உபயகாரர் பேர் இல்லாவிட்டால் பணம் சேராது என்கிறார் பொருளாளர். அது பொய்யும் இல்லை. இந்த வருஷம் என் பேரை எழுத வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன், பாருங்கள்.