பாத்துத்தானே வாங்கிறீர்

திங்கட்கிழமைகளில் எங்கள் உணவகம் பூட்டு. மியூனிக்கில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் கழிகிற வாரத்தில் மிஞ்சுகிற அந்த ஒரு நாளில் எஸ்-6 ரயிலேறி ஸ்ரான்பேர்க் ஏரிக்கரைக்குப் போவது எங்கள் வழக்கம். மீன் பிடிக்க அல்ல. இந்த மாநிலத்தில் தூண்டில் போடுவதற்கே குறைந்தது 30 மணிநேரம் வகுப்பில் இருந்து, பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். உப்பில்லாவிட்டாலும் தண்ணீர்தானே, பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று போகிறோம்.

2023 இலையுதிர்காலத்தில் அப்படிப் போன ஒரு நாள், ஏரியிலிருந்து சற்று உள்ளே ஒரு வீட்டு முற்றத்தில் பழைய பைபர் கிளாஸ் படகொன்று மரக்குற்றிகளின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. எழுபது வயது தாண்டிய ஒருவர் சுத்தியலின் கைப்பிடியால் அதன் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் டக், டக் என்று கேட்ட சத்தம் நடுவுக்கு வந்ததும் பொத்தென்று அடங்கியது. நாங்கள் நடையை நிறுத்திவிட்டோம். அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும்.

கடலோடு பழகாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். படகின் பின்புறத்தில் எஞ்சின் பூட்டுகிற இடம் பின்பலகை. பார்வைக்கு முழுவதும் பைபர் போலவே இருக்கும். ஆனால் வெளியே ஒரு பைபர் தோல், உள்ளே ஒரு பைபர் தோல், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஒட்டுப்பலகை. 25 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 50 கிலோ. அந்தப் பாரமும் அது படகைத் தள்ளுகிற வலுவும் அந்த மரத்தில்தான் இறங்குகின்றன. எஞ்சினைப் பூட்டத் துளைத்த ஓட்டைகளால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. பைபர் உக்காது, மரம் உக்கும். தண்ணீர் உள்ளே வராமல் காக்கவென்று போர்த்திய தோலே, வந்த தண்ணீரை வெளியே விடாமல் வைத்திருந்து மரத்தைத் தின்னக் கொடுக்கிறது. வருடக்கணக்காக வெளியே ஒரு கீறலும் தெரியாது.

அந்தப் படகின் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. விற்பனைக்கு என்று எழுதி, விலை எழுதி, அதன் கீழே பின்பலகை உக்கிவிட்டது என்றும் எழுதியிருந்தார். ஜேர்மன் விளங்கியது, மனிதர் விளங்கவில்லை. இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டோம். "திருத்தத் தெரிந்த ஒருவர் மலிவாக வாங்குவார். எழுதாமல் விற்றால் சட்டம் என்னைத்தான் பிடிக்கும்" என்றார்.

பிறகு விசாரித்து அறிந்துகொண்டோம். பாவித்த பொருளை விற்பவர்கள் இங்கே 'கெகௌவ்ற் வீ கெசேன்' என்று எழுதுவதுண்டு. பார்த்தபடி வாங்கியது என்று பொருள். பின்னால் வந்து குறை சொல்லாதே என்பதுதான் அதன் உட்பொருள். ஆனால் ஜேர்மன் சிவில் சட்டத்தின் 444ஆம் பிரிவு, குறையைத் தெரிந்தே மறைத்து விற்றவர் அப்படியொரு வசனத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்கிறது. அன்று மாலை ரயிலில் திரும்பி வரும்போது எங்கள் ஐயாவின் குரல் காதில் கேட்டது. "பாத்துத்தானே தம்பி வாங்கிறீர்."

O

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கரைகளுக்குப் பைபர் படகைப் பழக்கியதில், 1960களின் கடைசியில் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோருக்குப் பெரும் பங்கு உண்டு. ஐயாவும் அப்படியொரு படகில்தான் தொழில் பழகினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால்வாசியை அழித்தோ சேதப்படுத்தியோ போட்டது. ஐயாவின் படகும் போனது. அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் புதுப்படகு தந்தது. அந்த நாட்களில் படகுகளைப் பாண் போடுவதுபோலப் போட்டுத் தள்ளினார்கள். அவசரத்தில் கட்டியவற்றில் பல தரமற்றவை என்று பின்னால் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமே சொன்னது. தானமாக வந்த மாட்டைப் பல்லுப் பிடித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

2012இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் இரண்டாம் வருடத்தோடு எங்கள் படிப்பு நின்றது. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்கள் நிற்கவில்லை. வெளியே அனுப்புவதென்று முடிவாகியது. ஏஜென்சிக்குக் கட்ட அம்மாவின் நகை போனது, காணி ஈட்டுக்குப் போனது. மிஞ்சியது படகு.

விற்பதற்கு முதல்நாள் ஐயா பின்பலகையைத் தட்டினார். பொத்தென்றது. எங்களை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டைகளின் ஓரத்தில் தேயிலைச் சாயம்போல ஒரு கசிவு இருந்தது. அதைத் துடைத்து, உரஞ்சி, மேலே ஒரு பட்டை மட் வைத்து றெசின் பூசினோம். காய்ந்ததும் நீலப் பெயின்ற். பூசி மெழுகுதல் என்ற சொல்லை அதுவரை மேடைப் பேச்சுக்களில்தான் கேட்டிருந்தோம்.

வாங்க வந்தவர் அடுத்த ஊர்க்காரர். அணியத்தைத் தட்டினார், பக்கங்களைத் தட்டினார். பின்னால் வந்து புதுப் பெயின்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாம் சரிதானே அண்ணை?" என்று கேட்டார். அதற்குத்தான் ஐயா அந்தப் பதிலைச் சொன்னார். ஒன்றரை இலட்சம் ரூபா கைமாறியது.

கார்த்திகை மாதம், மாரிக்கடலில், பின்பலகை பிய்ந்தது. அவர் கடன்பட்டு வாங்கிய எஞ்சின் தண்ணீருக்குள் போய்விட்டது. அவரும் அவருடைய தங்கை மகனும் விடியும்வரை தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். காலையில் வேறொரு படகு கண்டு கட்டியிழுத்து வந்தது. சில நாட்களுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாராம். ஐயா வெளியே வரவில்லையாம். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னா. அந்தக் காசு அப்போது எங்களை ஏற்கனவே பாதி வழி கொண்டுவந்திருந்தது.

இந்தக் கட்டுரையில் நாங்கள் என்று எழுதக் காரணம் இருக்கிறது. ஐயா தட்டிப் பார்த்தார், மகன் றெசின் கலக்கினான், தம்பி பெயின்ற் அடித்தான், அம்மா வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

O

பொய் சொல்லாமல் ஏமாற்ற முடியுமா என்ற கேள்வி பழையது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ கடமைகள் பற்றி மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் இதை விசாரிக்கிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். அறைகளில் பாம்பு வருவதும், மரங்கள் உக்கியிருப்பதும் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்லவேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனஸ் என்ற அறிஞர் வேண்டாம் என்கிறார். அவன் யாரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் அந்திபாற்றர் இதை ஏற்கவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம், தெரிந்தே ஒருவனைத் தவறுக்குள் போகவிடுவது என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார். தெரியவேண்டிய ஒருவனுக்குத் தெரியாமல் இருப்பதில் உனக்கு இலாபம் இருக்கிறதென்றால், உன் மௌனம் மறைப்புத்தான் என்பது அவருடைய முடிவு. எங்கள் ஐயா டயோஜெனஸைப் படித்ததில்லை. ஆனால் அவருடைய வாதத்தை மூன்று சொற்களில் சொல்லிவிட்டார்.

பாத்துத்தானே வாங்கிறீர் என்ற வசனத்தில் இருக்கிற கள்ளம் இதுதான். கண் தோலோடு நின்றுவிடும் என்பது சொல்பவருக்குத் தெரியும். இரண்டு தோல்களுக்கு நடுவில் இருப்பதைப் பார்க்க வாங்குபவர் படகை வெட்டவேண்டும். விலை பேச வந்தவர் அடுத்தவரின் படகை வெட்ட முடியாது. ஆகவே அந்த இடத்தில் அவருக்கு இருந்த ஒரே கண் எங்கள் வாய்தான்.

ஆனால் மறைப்பதெல்லாம் பாவம் என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. வாசலில் வந்து நின்று "மகன் இருக்கிறானோ?" என்று கேட்டவர்களுக்கு, நாங்கள் அடுப்படிக்குப் பின்னால் நிற்க, அம்மா இல்லையென்று சொன்னா. கான்ற் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில் கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்கிறார். எங்கள் ஊர்களில் அவர் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கவேண்டும். அம்மா மறைத்ததற்கும் ஐயா மறைத்ததற்கும் நோக்கம் ஒன்றே, பிள்ளையைக் காப்பாற்றுவது. ஐயா 2019இல் இறக்கும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் வேறுபாடு எங்கே?

யோசித்துப் பார்த்தால், அந்த மறைப்புக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. அம்மா பொய் சொன்னது எங்களை அழிக்கக்கூடியவர்களிடம். அகப்பட்டிருந்தால் விலை கொடுப்பதும் அம்மாவேதான். ஐயா மௌனமாக இருந்தது எங்களை நம்பி நின்ற ஒருவரிடம். விலையை அவர் நடுக்கடலில் கொடுத்தார். வள்ளுவர் வாய்மையைப் பற்றிச் சொல்லும்போது பொய்க்கும் ஓர் இடம் விடுகிறார். அதனால் வருகிற நன்மையில் குற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. குற்றம் என்பதற்கு அவர் அங்கே வைத்த சொல் புரை. புரையோடிய புண், புரையோடிய மரம் என்று நாங்கள் சொல்கிற அதே புரை. இன்னொருவரை ஆபத்துக்குள் அனுப்பிப் பெற்ற நன்மை எவ்வளவு பெரிதானாலும் உள்ளே புரையோடியதுதான். மியூனிக்கில் எங்களுக்கு இருக்கிற அறையும் விசாவும் அந்த நன்மையைச் சேர்ந்தவை.

O

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது தம்பி கடலுக்குப் போவதைக் குறைத்து பைபர் ஒட்டுவேலை பழகியிருந்தான். ஏரிக்கரையில் அந்தக் கடதாசியைப் பார்த்த பிறகு அவனோடு பேசினோம். பழைய படகு அவருடைய வளவில் பூவரசுக்குக் கீழே அப்படியே கிடக்கிறது என்றான். அவர் அதன்பின் சொந்தமாகத் தொழில் செய்யவில்லை, சம்மாட்டி ஒருவரிடம் கூலிக்குப் போகிறார். தங்கை மகன் கடலுக்கே போவதில்லை.

2024 மாசியில் தம்பி உழவு இயந்திரத்தில் படகை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தான். என்ன சொல்லிக் கேட்டாய் என்றோம். "பின்பலகை கட்டித்தாறம் எண்டன் அண்ணை. ஏன் எண்டு அவர் கேக்கேல்லை" என்றான்.

உணவகத்தின் பின்கதவடியில் இருந்து தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். உடைவைச் சுற்றி, நாங்கள் அன்று ஒட்டிய மட் கையால் இழுக்க உரிந்து வந்தது. ஈரமரத்தில் றெசின் பிடிப்பதில்லை. ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டு உள்தோலைக் கிரைண்டரால் வெட்டி எடுத்தான். உள்ளே மரம் இல்லை, கறுத்த சேறு. உளியாலும் கரண்டியாலும் சுரண்டி அள்ளினான். பிறகு பங்குனி வெயிலில் பத்து நாள் காயவிட்டான். கடதாசி மட்டையில் அளவு வெட்டி, இரண்டு ஒட்டுப்பலகைகளை ஒன்றாக ஒட்டி, விளிம்பெல்லாம் றெசின் குடிக்கவிட்டு உள்ளே வைத்து இறுக்கினான். ஹாட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. கூடினால் சூடேறி வெடிக்கும், குறைந்தால் இறுகாது. எஞ்சின் ஓட்டைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, றெசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சிறிதாகத் துளைத்தான். இனித் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. வேலை முடிந்தபிறகு யார் கண்ணுக்கும் தெரியாத வேலை இது. இதைச் செய்யாமலே செய்ததாகச் சொல்லலாம், அதே நீலப் பெயின்றைப் பூசலாம்.

"பெயின்ற் அடிக்கட்டோ அண்ணை?" என்று கேட்டான். நிறம் கலக்காத றெசினுக்குள்ளால் மரத்தின் ரேகை தெரியும். அவர் வந்து பார்க்கும்வரை அப்படியே விடச் சொன்னோம். "வெயில் தின்னும்" என்றான். இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது என்றோம்.

அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. விரலை மடக்கி ஓரத்திலிருந்து நடு வரைக்கும், பிறகு உள்பக்கமும், தட்டிக்கொண்டு போனார். எல்லா இடமும் டக், டக் என்றது. தொலைபேசியை அவரிடம் கொடுக்கச் சொன்னோம். மெய்யியல் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. "அண்ணை, அண்டைக்கே எங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பெயின்ற் வாசம் எனக்கும் அடிச்சதுதான் தம்பி. விலை குறைவெண்டு நானும் கேக்காமல் விட்டிட்டன்" என்றார்.

டயோஜெனஸ் இதைக் கேட்டால் வழக்கில் வென்றதாக மகிழ்வார். எங்களால் மகிழ முடியவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம், எங்கள் பாரத்தைக் குறைக்க அவர் அந்தக் கணத்தில் எடுத்துக்கொண்ட பங்காகவும் இருக்கலாம். கடலில் போன எஞ்சினும், கூலிக்குப் போன பன்னிரண்டு வருடமும், அந்தப் பொடியனின் பயமும் புதுப்பலகையால் திரும்பி வரப்போவதில்லை. எஞ்சினுக்கு மாதாமாதம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மற்றவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் தொலைபேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அவனுக்குச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"இனி அடி தம்பி. வெயில் தின்னும்."