பட்டியலில் இல்லாத சாட்சி

வாக்கு என்பது உரிமையா, அமானிதமா? உரிமை எனின், கடனை மன்னித்து விடுவதைப் போல உரியவர் அதனை விட்டுக் கொடுத்துவிடலாம். அமானிதம் எனின், தொலைத்தவர் “எனக்குத் தேவைப்படவில்லை” என்று கூறித் தப்ப இயலாது. வாக்களிப்பதைச் சாட்சியம் பகர்வதற்கு ஒப்பிட்ட மார்க்க அறிஞர்கள் இரண்டாவது கருத்தின் பக்கமே நின்றனர். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால், சாட்சியாக நிற்கும் தகுதியையே கவனியாது இழந்தவரை என்னென்பது?

1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரானபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாது, “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாய்” என்றே பதிந்திருந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்பதிவுகளை நீக்கச் செய்தார். கடுமையான முடிவுதான், ஆயினும் அதில் நியாயம் உண்டு. சாட்சி தன் பெயரால் நிற்க வேண்டும். அயலார் முன் பெண்களின் பெயரை உச்சரிக்கக் கூசும் வழக்கம் நம் வீடுகளிலும் நெடுங்காலம் இருந்தது. அதற்கு மார்க்கத்தைப் பொறுப்பாக்குதல் தகாது. ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசைகளில் ஆயிஷா நாயகியும் உம்மு ஸலமா நாயகியும் “இன்னாரின் மனைவி” என்ற அளவிலா நிற்கிறார்கள்? அவ்வரிசையில் அறியப்படாத ஒருவர் இருந்தாலே செய்தி பலவீனமாகிவிடும் என்பதையும் நாம் அறிவோம்.

அடையாள அட்டை பெட்டியில் பத்திரமாயிருப்பதால் பெயரும் பட்டியலில் இருக்கும் என்று நம்புவோர் பலர். அட்டை ஆளைக் காட்டும். வாக்குரிமையைத் தருவது பட்டியலே. வேட்புமனுவின் இறுதி நாள் கடந்துவிட்டால் அத்தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வழியில்லை. வாக்குச்சாவடி வாசலில் எழும் கோபம் காலம் கடந்தது.

“அலுவலர் பிழையாக நீக்கினால் அது என் குற்றமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய கணக்கை அவர் சொல்லட்டும். ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகம் செல்ல முடியாதவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. சக்திக்கு மீறிய சுமை எவர் மீதும் இல்லை. ஆனால் திண்ணையில் அமர்ந்து அரசியல் பேச நேரமுள்ளவர்கள், வரைவுப் பட்டியல் வெளியாகும்போது ஒருமுறை பார்ப்பதற்கு என்ன தடை?

தம் பெயரைத் தேடுவதோடு இப்பொறுப்பு முடிவதுமில்லை. மௌத்தான தந்தையின் பெயரை நீக்க 7ஆம் எண் படிவம் கொடுக்க மனம் வராத பிள்ளைகள் உண்டு. அப்பாசம் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரில் வேறொருவன் வாக்களித்தால், பொய்ச் சாட்சி சொன்னவன் அவன். அதற்கு இடம் விட்டு வைத்தவர்கள் அவர்கள்.