மணமாகாதவளுக்கு யார் புடவை எடுப்பது?

2023இல் தீபாவளி நவம்பர் 12ஆந் திகதி வந்தது. முதல் நாள் 11.11. கண்டியில் அந்த இலக்கத்தைக் கேட்டால் கைத்தொலைபேசியில் வரும் கழிவு விலைதான் நினைவுக்கு வரும். அது தனியாட்களுக்கென்று பிறந்த நாள் என்பதை அறிந்தவர் குறைவு.

சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் 1993இல் அதைத் தொடங்கினார்கள் என்பார்கள். ஒன்று என்னும் இலக்கம் நான்கு தடவை வருவதால் அந்தத் திகதி. துணையில்லாதவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு கூடி உண்ட நாள் அது. 2009இல் அலிபாபா அதை விற்பனை நாளாக்கியது. 2018இல் அதே நிறுவனம் தராஸ் என்னும் இணையக் கடையை வாங்கிக்கொள்ள, மலிவு விற்பனை இலங்கைக்கும் வந்தது. விற்பனை மட்டும்தான் வந்தது. கேலியும் கூட்டுச் சாப்பாடும் வரவில்லை.

தீபாவளியைச் சந்தை கெடுத்துவிட்டது என்று இந்த விற்பனையைத் திட்டுவது சுலபம். ஆனால் நம் பண்டிகை எந்த நிலையில் இருந்தது? ஹந்தானை, கலஹா, புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி என்றால் முதலில் வரும் பேச்சு முற்பணம். தோட்டம் கொடுக்கும், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கும். அது கிடைக்கத் தாமதமானதற்கு ஆர்ப்பாட்டம் நடந்த ஆண்டுகளும் உண்டு. அந்தக் காசு புடைவைக் கடைக்கும் போகிறது. கைத்தொலைபேசி வருவதற்கு வெகு காலம் முன்பே நாம் கடனில்தான் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கண்டிக் கடையொன்றில் வேலைக்கு நிற்கும், முப்பதைத் தாண்டிய, மணமாகாத மூத்த மகளை எடுத்துக்கொள்வோம். பண்டிகைக்கு முதல் நாள் இரவுவரை ஊருக்கெல்லாம் புடவை விரித்துக் காட்டுவாள். தம்பிக்கும் அவன் பிள்ளைகளுக்கும் உடுப்பு அவள் சம்பளத்தில். அவளுக்கு எடுப்பவர் யார்? "ஒனக்கு என்னா செலவு இருக்கு?" என்பது வீட்டின் கணக்கு. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் "எப்ப கல்யாணம்?" என்று அயலார் வேறு.

தனிமையை மதிக்கத் தெரியாத ஊரல்ல கண்டி. மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களில் இல்லறம் துறந்த பிக்குகளின் முன்னால் நாட்டின் தலைவர்களே குனிகிறார்கள். காவி உடுத்தினால் தனிமை தவம். புடவை உடுத்தியிருந்தால் அதுவே குறை. இந்தப் பேதத்துக்கு அறத்தில் இடமிருப்பதாகத் தெரியவில்லை.

அந்த மூத்த மகளிடம் "உனக்காக ஒன்று வாங்கிக்கொள்" என்று சொல்கிற ஒரே குரல் விளம்பரத்தினுடையது என்றால், அவள் வாங்குவதைச் சுயநலம் என்பது அநியாயம். அவள் உழைத்த காசு. அதற்காக அந்தக் குரலை நம்பவும் வேண்டாம். கையில் காசில்லாத தனியாளுக்கு 11.11இல் இடமேயில்லை. வாங்கினால்தான் மரியாதை என்பது சந்தையின் நிபந்தனை, கல்யாணம் கட்டினால்தான் மரியாதை என்பது வீட்டின் நிபந்தனை. இரண்டில் வீட்டின் குற்றமே பெரிது. கடைக்காரர் அன்பு தருவதாக ஒப்புக்கொண்டவரல்லர், வீடு ஒப்புக்கொண்டது.

ஆகவே வரும் தீபாவளிக்கு முற்பணம் கைக்கு வந்ததும், முதல் புடவையை மூத்தவளுக்கு எடுங்கள். கல்யாணக் கேள்வியை அன்றைக்காவது கேட்காதீர்கள்.