குறி தப்பாத துப்பாக்கி போதுமா?

இந்தியாவில் தொழிற்சாலைத் தயாரிப்பான வேட்டைத் துப்பாக்கி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ஆலை செய்த .315 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்தான். பின்னாளில் .30-06 ரகமும் அங்கிருந்தே வந்தது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா தெறிக்கும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் அடுத்தது ஏறும். ஒவ்வொரு வெடிக்கும் கை உழைத்தாக வேண்டும். ஆகவே முதல் குண்டே சரியாகப் பட வேண்டும், விலங்கு துடிக்கக் கூடாது என்பது நல்ல வேட்டைக்காரரின் அறம்.

அந்த அறம் போதுமா?

பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கம் இக்கேள்வி கனக்கிறது. வடமேற்கே காளத்தி, வேட்டையாடிய ஊனையே இறைவனுக்குப் படைத்த கண்ணப்பரின் தலம். நாகையில் வலைவீசிய அதிபத்தரோ, பிடித்ததில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். இருவரும் நாயன்மார்கள். இதே தமிழில்தான் வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்தார்.

ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு: யார், எங்கே, எப்போது வலை போடலாம் என்பதை ஊர்கூடி முறைவைத்துத் தீர்மானிப்பது. பசிக்காகப் பிடிப்பவரே தமக்கு எல்லை கட்டிக்கொள்கிறார். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் எப்படிக் கொல்வது என்று மட்டும் யோசிக்கிறார். ஏன் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார். பொழுதுபோக்குக்குச் சுடுபவரிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை.

சட்டமும் அந்தப் பக்கமே வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விட்டுவைத்திருந்த வேட்டை உரிமங்களை 1991 திருத்தம் நீக்கியது.