வேலிக்குள் மேயும் பொதுச்சொத்து

எல்லோருக்கும் உரியது என்று சட்டம் கூறும் ஒரு பொருளை அடையும் வழி சிலரின் கையில் மட்டும் இருக்குமானால், அப்பொருள் உண்மையில் யாருக்கு உரியது? இது தத்துவ நூல்களில் மட்டும் எழும் வினாவன்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மலைநாட்டு மாநிலங்களாகிய மொன்ரானாவிலும் வையோமிங்கிலும், இலையுதிர் காலத்திலே துப்பாக்கியைத் தோளிற் சுமந்து மலையேறி மாலையில் வெறுங்கையோடு திரும்பும் வேட்டைக்காரரின் மனக்குமுறலுக்குள்ளே கிடப்பதும் இவ்வினாவே. வேட்டையைக் கொலைத்தொழில் என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். அவர்களோடு வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அங்கே வேட்டைக்குச் செல்வோருள் தச்சரும் லொறிச் சாரதிகளும் பள்ளி ஆசிரியர்களும் உளர் என்பதையும், ஒரு மானின் இறைச்சி ஒரு குடும்பத்தின் பனிக்கால உணவாகிறது என்பதையும் மட்டும் மனங்கொண்டால் போதும்.

அவர்கள் தேடிச் செல்லும் விலங்கு எல்க் எனப்படும் பெருமான். (நுவரெலியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயத் துரைமார் நமது மரையையே எல்க் என்று அழைத்தனர். அது வேறு, இது வேறு.) ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி எல்க் மான்கள் இருந்தன என்று மதிப்பிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவை ஓர் இலட்சத்துக்கும் குறைவாயின. குடியேறியோர் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்தனர். சந்தைக்கு இறைச்சியும் தோலும் விற்போர் மந்தை மந்தையாகச் சுட்டனர். இம்மானின் மேற்பற்கள் இரண்டு தந்தம் போன்றவை. அவற்றைக் கடிகாரச் சங்கிலியிலே தொங்கவிடுவது கனவான்களின் நாகரிகமாயிருந்த காலத்தில், பல்லைப் பிடுங்கிக்கொண்டு உடலை அழுக விட்டுச் சென்றவர்களும் உண்டு.

இந்த அழிவிலிருந்து மானை மீட்டதில் சாதாரண வேட்டைக்காரருக்குப் பெரும்பங்கு உண்டு. சந்தைக்காக வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவர்கள் செலுத்திய வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் சென்றன. இன்று எல்க் மான்களின் தொகை பத்து இலட்சத்தை அண்டியிருக்கிறது. பழைய இங்கிலாந்திலே காட்டுமான் மன்னனுக்கும் பிரபுவுக்கும் உரியது. பசிக்கு ஒரு மானைக் கொன்ற ஏழை கள்வன் எனப்பட்டான். அமெரிக்கச் சட்டமோ காட்டுவிலங்கு மக்கள் அனைவருக்கும் உரியது, அரசு அதன் தருமகர்த்தா மட்டுமே என்ற கொள்கையைக் கொண்டது. பிரபுத்துவத்தை உதறிய ஒரு சமுதாயத்தின் பெருமைக்குரிய கொள்கை அது.

ஆயினும் வேட்டைக்காரர் இன்று மான் குறைந்துவிட்டது என்கின்றனர். சில இடங்களில் அது முற்றிலும் உண்மை. யெலோஸ்ரோன் பூங்காவின் வடபுற மந்தையில் 1994இல் ஏறத்தாழ 19,000 மான்கள் இருந்தன. 2013இல் அவை 4,000க்கும் குறைந்தன. 1995லும் 1996லும் அங்கே ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டமையால், பழி முழுவதும் ஓநாயின் தலையில் விழுந்தது. ஓநாய் மானைத் தின்றது மெய்தான். கரடியும் மலைச்சிங்கமும் தின்றன, வறட்சி வாட்டியது, பூங்காவுக்கு வெளியே பெண்மான்களைப் பெருந்தொகையாகச் சுட அனுமதித்த பனிக்கால வேட்டையும் தன் பங்கைச் செய்தது. ஓநாய்க்கு வாயிருந்தும் வழக்காடத் தெரியாது.

ஆனால் மொன்ரானா முழுவதையும் எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அங்கே எல்க் மான்கள் இன்று ஓர் இலட்சத்துக்கும் மேல். பல வட்டாரங்களில் அரசு வகுத்த இலக்கையே அவை தாண்டிவிட்டன. பின் வேட்டைக்காரனின் கண்ணுக்கு அவை ஏன் படுவதில்லை? மான் அறிவற்ற விலங்கன்று. வேட்டைப்பருவம் தொடங்கி வெடியோசை கேட்டதும், அது பொதுக்காட்டை விட்டுச் சுடுவாரற்ற தனியார் பண்ணைகளுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே குறைந்தது மான் மட்டுமன்று. மானிடம் செல்லும் வழியுங்கூட. ஓநாயை ஏசுவோர் வேலியை மறந்துவிடுகின்றனர்.

அந்த வேலியின் வரலாறு விசித்திரமானது. 1862இல் பசிபிக் புகையிரதப் பாதைக்காக அமெரிக்க அரசு கம்பனிகளுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தது. பாதையின் இருமருங்கும் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாக வகுத்து, ஒன்று விட்டு ஒன்றைக் கம்பனிக்கு அளித்து, எஞ்சியதைத் தானே வைத்துக்கொண்டது. சதுரங்கப் பலகையிலே கறுப்புக் கட்டங்கள் தனியாருக்கு, வெள்ளைக் கட்டங்கள் மக்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்குச் செல்ல ஒரே வழி, நான்கு கட்டங்களும் சந்திக்கும் மூலைப்புள்ளி. அந்தப் புள்ளிக்கு அகலமில்லை. மனிதனுக்கோ தோள் அகலமுண்டு. கால் தனியார் மண்ணிற் படாவிடினும், தோள் தனியாரின் காற்றைத் தீண்டிவிடுகிறது! அதுவும் அத்துமீறலே என்றனர் கறுப்புக் கட்டத்தின் சொந்தக்காரர்கள்.

2021இல் மிசூரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர் நால்வர் வையோமிங்கின் எல்க் மலையில் ஓர் ஏணியைச் சாத்தி அம்மூலையைக் கடந்தனர். ஒருவரும் தனியார் நிலத்தில் கால் வைக்கவில்லை. எனினும் குற்றவழக்குத் தொடரப்பட்டது. 2022இல் யூரிமார் அவர்களை விடுவித்தனர். பண்ணையாளர் சிவில் வழக்கும் தொடர்ந்தார். மூலையைக் கடக்கலாமென்றால் தமது பண்ணையின் பெறுமதி எழுபது இலட்சம் டொலருக்கு மேல் குறைந்துவிடும் என்பது அவர் தரப்பு வாதம். இவ்வாதத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். குறைவதாகச் சொல்லப்பட்டது அவருடைய நிலத்தின் புல்லோ நீரோ அன்று. மற்றவர் எவரும் பொதுநிலத்தை அடைய முடியாது என்பதன் விலை அது. மக்களின் சொத்தை மக்களிடமிருந்து மறைத்து வைப்பதற்குச் சந்தையிலே ஒரு விலை உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாக எவரும் சொன்னதில்லை.

பொதுநிலத்தை அடைத்து வேலியிடுவதைத் தடுக்க 1885இல் இயற்றப்பட்ட சட்டமொன்றை ஆதாரமாகக் கொண்டு, 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரருக்குச் சார்பாகத் தீர்த்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாட்டின் உயர் நீதிமன்றம் வழக்கைக் கேட்க மறுத்தது. ஆனால் அத்தீர்ப்பு வையோமிங் உட்பட ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். மொன்ரானா அவற்றுள் ஒன்றன்று.

பண்ணைக்காரர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்பவனின் வைக்கோலை மான் தின்கிறது, வேலியை முறிக்கிறது, மாட்டுக்கு நோயையும் பரப்பக்கூடும். அவனுடைய பள்ளத்தாக்குப் புல்வெளியே பனிக்காலத்தில் மானுக்கு உயிர் தருகிறது. அவன் நிலத்தை விற்றால் அங்கே புல்லுக்குப் பதில் வீடுகள் முளைக்கும். அவனுக்கு ஈடு தருவது சமுதாயத்தின் கடன். ஆனால் எங்கோ தொலைவிலுள்ள நகரத்தில் இருந்துகொண்டு, தானும் தன் விருந்தினரும் சுடுவதற்காகவே மலையொன்றை வாங்கி வைத்திருக்கும் செல்வரின் நிலை வேறு. உள்ளே விடப் பல ஆயிரம் டொலர் கேட்கும் பண்ணைகளும் உள. மான் விற்பனைக்கில்லை, அதைச் சுடும் வாய்ப்பு விற்பனையாகிறது. பழைய பிரபு பட்டயத்தால் பெற்றதை இன்றையவர் பத்திரத்தால் பெறுகிறார்.

வேட்டைக்காரரின் கோபம் நியாயமானதே. ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லத் தயாராயிருக்கிறது? கறுப்பும் வெள்ளையுமாக நிலம் வகுக்கப்படுமுன் அது குறோ, ஷொஷோனி முதலிய ஆதிக்குடிகளின் வேட்டைக்காடு. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையில், குடியேறப்படாத நிலங்களில் வேட்டையாடும் உரிமை குறோ மக்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. 2014இல் மொன்ரானாவிலுள்ள தமது ஒதுக்கிடத்திலிருந்து எல்க் மந்தையொன்றைத் தொடர்ந்து சென்ற குறோ வேட்டைக்காரர் சிலர், வையோமிங் எல்லைக்குள்ளே பிக்ஹோர்ண் காட்டில் மான்களைச் சுட்டனர். அவர்கள் மீதும் வழக்கு வந்தது. வையோமிங் மாநிலமானதுமே அந்த உரிமை அற்றுவிட்டது என்று அரச தரப்பு வாதாடியது. அற்றுவிடவில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. அந்தக் காட்டில் அவர்கள் வேட்டையாடிய குறிப்பிட்ட இடம் குடியேறப்படாத நிலந்தானா என்பது போன்றவற்றை முடிவுசெய்ய வழக்கை மாநில நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. ஏணியோடு மூலையைக் கடந்தவர்களுக்காக ஆரவாரித்த கைகளுள் எத்தனை, எல்லையைக் கடந்த குறோ வேட்டைக்காரருக்காகவும் உயரும்?