தேர்வுப் பள்ளியும் அறத்தின் கேள்வியும்

இங்கிலாந்தின் கென்ட், பக்கிங்காம்ஷயர் முதலிய பகுதிகளில், பதினோரு வயதையொட்டி நடக்கும் நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கும் அரசு இடைநிலைப் பள்ளிகள் ‘கிராமர் பள்ளிகள்’ எனப்படுகின்றன. செப்டம்பரில் தேர்வெழுதிய பிள்ளைக்காகப் பெற்றோர் அக்டோபர் 31-க்குள் பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதித் தரும்போது, அவ்வரிசையில் ‘பிள்ளையின் திறன் பிள்ளைக்கு மட்டுமே உரியதா, பிறருக்கும் உரியதா?’ என்னும் அறக்கேள்விக்கான விடையும் அடங்கிவிடுகிறது.

பிறவியில் வாய்த்த அறிவுத்திறனை எவரும் உழைத்து ஈட்டியதில்லை என்றும், சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியோருக்கு நன்மை தருமாறு அமைய வேண்டும் என்றும் (இதுவே ‘வேறுபாட்டு நெறி’) அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலில் வாதிட்டார். இந்நெறி சமூகத்தின் அடிப்படை அமைப்புகளுக்கு உரியதாதலால், தம் பிள்ளையிடம் தனிப்பரிவு காட்டும் பெற்றோரை அது குற்றவாளிகளாக்குவதில்லை. ஆயினும் பிள்ளையின் கற்றல் தேவையை நிறைவு செய்வதற்கும், பிறரை முந்தும் இடத்தைப் பெற்றுத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் மறக்கலாகாது. ஆகவே, கூரிய அறிவுள்ள பிள்ளைக்குப் பள்ளி தேடுவோர், தேர்ச்சி விழுக்காட்டோடு நில்லாமல், தன் திறன் பிறருக்கும் கடன்பட்டது என்பதைப் பிள்ளை எங்கு கற்கும் என்றும் ஆராய்வதே அறநெறிக்கு உகந்ததாகும்.